அக்காவுக்காகக் கூட்டிய குளிர்

நிற்கிற விமானத்துக்குக் குளிர்காற்று ஊட்டுவது என் வேலை. என் வண்டியில் பெரிய ஏசி இருக்கிறது. அதிலிருந்து வரும் தடித்த மஞ்சள் குழாயை விமானத்தின் வயிற்றில் மாட்டிவிட்டால், ஆட்கள் ஏறி முடிக்கிறவரை உள்ளே ஜில்லென்று இருக்கும். உட்காருகிறவர்களுக்கு என்னைத் தெரியாது. வெக்கையாக இருந்தால் மட்டும் திட்டுவார்கள்.

போன வருஷம் அப்படித் திட்டக்கூடத் தெம்பில்லாமல் இறங்கி வந்தவள் என் அக்கா. அன்றைக்கு எனக்கு விடுமுறை. வண்டி பழுதாம். அனலாகக் கொதித்த விமானத்துக்குள் அவளுக்கு மூச்சு முட்டி, கதவு சாத்துவதற்குள் படியில் ஓடி இறங்கிவிட்டாள். அவள் புருஷன், எங்கள் மாமா, வேலை பார்க்கிற ஊரில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, போனில் "பரவாயில்லம்மா" என்று சொல்லிச் சொல்லியே இளைத்துப்போனார். இந்தத் தடவையும் இறங்கினால் அவள் இனி ஏறவே மாட்டாள். எனக்கு அது நன்றாகத் தெரியும்.

அதனால் கெஞ்சிக் கூத்தாடி அவள் விமானத்துக்கே ட்யூட்டி வாங்கினேன். நேற்றே அவளிடம் சொன்னேன்: "நீ ஏறும்போது உள்ள ஜில்லுனு இருக்கும். அது நான்தான்னு நினைச்சுக்கோ."

"சரிடா ஐஸ்பெட்டி," என்றாள். சிரித்தாலும் டிக்கெட்டைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தாள்.

காலையில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஒரே புழுக்கம். இந்த மாதிரி நாளில் முழுக் குளிரையும் திறக்கக்கூடாது. உள்ளே ஈரக்காற்றில் பட்டு வெள்ளை வெள்ளையாக ஆவி கிளம்பும். எங்கள் வேலையில் முதல் நாளே சொல்லித்தருகிற பாடம் அது. பாசம் கண்ணை மறைத்தது. கடைசி வரைக்கும் கூட்டி வைத்தேன்.

அக்கா கை காட்டிவிட்டுப் படியேறினாள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து "புகை! புகை!" என்று கூச்சல். பாய்ந்து போய்க் குளிரைக் குறைத்தேன். நாலைந்து பேர் தடதடவென்று இறங்கினார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். பாவி, நானே அவளை விரட்டிவிட்டேனே!

போன் அடித்தது. அக்கா.

"டேய், இது உன் வேலைதானே?"

"புகை இல்லக்கா, வெறும் ஆவி. உனக்காகக் கொஞ்சம் கூட்டி வச்சிட்டேன். இறங்கிடாதக்கா, ப்ளீஸ்."

"எதுக்கு இறங்கணும்? எல்லாரும் கத்துனப்ப எனக்கு உன் மூஞ்சிதான் ஞாபகம் வந்துச்சு. பக்கத்துல ஒரு அம்மா அழுதாங்க. 'பயப்படாதீங்கம்மா, கீழ என் தம்பி நிக்கிறான், எதையும் கொஞ்சம் ஓவராத்தான் பண்ணுவான்'னு சொன்னேன்."

இறங்கியவர்கள் பணிப்பெண் விளக்கியதும் முணுமுணுத்துக்கொண்டே திரும்பி ஏறினார்கள்.

"ரொம்பக் குளிருதாக்கா?"

"பல்லு தந்தியடிக்குது." கொஞ்சம் நிறுத்தி, "ரொம்பக் குறைச்சிடாதடா," என்றாள்.

கதவு சாத்தினார்கள். அக்கா இறங்கவில்லை. குழாயைக் கழற்ற எனக்கு மனசே வரவில்லை. மேற்பார்வையாளர் விசில் ஊதித் திட்டிய பிறகுதான் கழற்றினேன்.