கழுவிக் கொடுத்த படச்சுருள்

“ஒரு புள்ளி அழுக்கு கிடையாது மிஸ்! வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க” என்று பெருமையோடு படச்சுருளை நீட்டினார் லேப்காரர் கிரிம்ஷா.

மேவிஸ் பிடித்துப் பார்த்தாள். கண்ணாடி மாதிரி இருந்தது.

அவள் காமிராவே இல்லாமல் படம் எடுப்பவள். வெற்றுப் பிலிமின் மேல் தூரிகையால் நேராக வரைவாள். விநாடிக்கு இருபத்துநான்கு கட்டம். மூன்று நிமிடப் படத்துக்கு ஆறு மாதம் பிடித்தது. ஞாயிறு மதியம் லண்டன் திரைப்படச் சங்கம் ஒன்றில் காட்ட ஏற்பாடு. அதற்கு ஒரு பிரதி எடுக்கத்தான் சோஹோவிலிருந்த இந்தப் பிலிம் லேபில் கொடுத்திருந்தாள்.

“நான் பிரதிதானே எடுக்கச் சொன்னேன்?”

“அந்தக் கோலத்துல எப்படி மிஸ் எடுக்கிறது? பச்சையும் சிவப்புமா எதையோ கொட்டி வச்சிருந்தீங்க. வீட்டுல சின்னப் பிள்ளைங்களா?”

“யோவ், அதுதான்யா படம்!”

“படமா? அதுல ஒரு ஆளைக்கூடக் காணோமே!” கிரிம்ஷா நிஜமாகவே திகைத்தார். “நானே உட்கார்ந்து கழுவினேன் மிஸ். ஒரு டீ குடிக்கிறீங்களா?”

“உங்க டீயை நீங்களே குடிங்க!”

அன்று வியாழன். வீட்டுக்கு ஓடினாள். ஊண் உறக்கம் மறந்து வரைந்தும் நாற்பது விநாடிதான் தேறியது. பிரதி எடுக்க நேரமில்லை. இன்னொரு லேபை நம்ப மனமும் இல்லை.

ஞாயிறன்று படம் ஓட்டும் டாப்சன் பிலிமை நகத்தால் சுரண்டினார். “ஏம்மா, இது சரியாக் காயவே இல்லையே. மெஷின்ல ஒரு தடவை ஓடினா சாயம் உரிஞ்சிடும். வேற பிரதி இருக்கா?”

“இல்ல.”

“அப்போ இன்னைக்கோட சரி.”

மேவிஸ் உதட்டைக் கடித்தாள். “ஓட்டுங்க.”

திரையில் நிறங்கள் எகிறிக் குதித்தன. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். யாரோ அதட்டினார்கள். அதற்குள் முடிந்துவிட்டது.

கண்ணாடி போட்ட பத்திரிகைக்காரர் ஒருவர் மூச்சிரைக்க மாடியேறி, படம் ஓட்டும் அறைக்குள் தலையை நீட்டினார்.

“பிரமாதம்! ஆனா கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள முடிஞ்சு போச்சு. எழுதணும்னா நான் இன்னொரு தடவை பார்க்கணுமே!”

டாப்சன் மெஷினில் ஒட்டிய பச்சைத் துகள்களைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“முடியாது” என்றாள் மேவிஸ்.

“ஒரே படம்தான், அதுக்குள்ள இவ்வளவு திமிரா!” என்று சிரித்தபடி அவர் இறங்கிப் போனார்.