கட்டுமேல் சவாரி

“இந்த வருஷம் நம்ம பேலர் மெஷின் கட்டுற முதல் புல்கட்டு மேல நான் குதிரை மாதிரி உக்காந்து, பரண்லேர்ந்து கீழ வந்து எறங்குவேன். கயிறு அவிழாது. அவிழ்ந்தா மீசையை எடுத்துடுறேன்.”

சமையலறையில் பால் கேன் கழுவிக்கொண்டிருந்த அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தம்பியின் மீசை ஒன்றும் பெரிய சொத்து இல்லை என்பது அவளுக்குத் தெரியும். தூரத்திலிருந்து பார்ப்பவர்கள், டீ குடித்துவிட்டு வாயைத் துடைக்க மறந்துவிட்டார் போலிருக்கிறது என்றுதான் நினைப்பார்கள்.

அவள் தம்பிக்கு எல்லோரும் வைத்திருந்த பெயர் கப்சா. வாழ்நாள் முழுக்க ஒரு சந்துக்கடையில் தையல் மெஷின் ரிப்பேர் பார்த்தவர். அவர் எண்ணெய் போட்ட மெஷின் ஒன்று, அவர் சாப்பிடப் போன நேரத்தில் தானாகவே ஒரு சட்டையைத் தைத்து, காலரையும் வைத்து முடித்திருந்ததாம். இன்னொரு முறை அவர் தும்மிய தும்மலில் எதிர்க்கடை ஜன்னல் கண்ணாடி விழுந்துவிட்டதாம். கடையை மூடிவிட்டு, மாட்டுக் கொட்டகைக்குப் பின்னாலிருந்த அக்கா வீட்டு அறைக்குக் குடிவந்த பிறகும் கதைகள் ஓயவில்லை; கேட்பதற்கு மாடுகளும் சேர்ந்துகொண்டன என்பதுதான் வித்தியாசம்.

போன வருஷம் அக்காதான் அவரிடம் பேலரை ஒப்படைத்தாள். “ஊசியும் நூலும் இருக்கற மெஷின்தானே, நீயே பாரு,” என்றாள். அது உண்மைதான். காய்ந்த புல்லை வாரி, உள்ளே இடித்து இறுக்கி, கட்டாகக் கட்டித் தள்ளும் அந்த இயந்திரத்தில் வில் மாதிரி வளைந்த இரண்டு பெரிய ஊசிகள் உண்டு. ஊசி கயிற்றைக் கொண்டுவந்து கொடுக்கும். பறவையின் அலகு போன்ற ஒரு கொக்கி அதை வாங்கிச் சுழற்றி முடிச்சுப் போடும். கப்சா அதைப் பார்த்த மாத்திரத்தில், ராட்சசர்களுக்குச் சட்டை தைக்கும் மெஷின் இது, எனக்கு அத்துப்படி என்று அறிவித்தார்.

அறிவித்த கையோடு மானம் போயிற்று. வெளியே வந்த கட்டுகளில் பாதி, வந்த வேகத்தில் வாயைப் பிளந்தன. உதிர்ந்த புல்லை எல்லோரும் வாரிக்கொண்டிருந்தபோதே மழை பிடித்துக்கொண்டது. குளிர்காலம் முழுக்க மாடுகள் கறுத்துப்போன புல்லைத்தான் தின்றன. கப்சா தொட்டிப் பக்கம் போனால் அவை முகத்தைத் திருப்பிக்கொண்டன என்று அவரே சொல்வார். அவர் சொன்ன கதைகளில் இது கொஞ்சம் நம்பும்படியாக இருந்தது.

இந்த வருஷம் அக்கா தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். பழைய இரும்புக்காரர் வந்து, தர்பூசணி வாங்குகிறவர் மாதிரி பேலரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். கட்டுக் கட்டி முடிந்த மறுநாள் லாரியோடு வருவார். கட்டும் நாளில் ஒரே ஒரு கட்டு அவிழ்ந்தாலும் மெஷின் லாரியில் ஏறும். பிறகு பக்கத்துப் பண்ணைக்காரரின் புது மெஷினுக்காகக் காத்திருக்க வேண்டியதுதான். அவர் தன் நிலத்தை முடித்துவிட்டு வருவதற்குள் மழை வந்துவிடும் என்று கப்சா சொல்லிப் பார்த்தார். வந்தாலும் வரட்டும், உன்னை நம்பி நனைவதற்குப் பதிலாக அவரை நம்பி நனைகிறேன் என்றாள் அக்கா.

அப்படி அவருக்கு மிஞ்சியது கட்டுக் கட்டப்போகும் அந்த ஒரே ஒரு நாள். அந்த நாளை அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் காலையிலேயே மெஷினுக்கு அடியில் படுத்தவர், சாப்பாட்டுக்கு மட்டும்தான் வெளியே வந்தார். முதலில் எலிக்கூட்டைக் காலி செய்தார். அதில் ஒரு கூட்டுக்குடும்பமே இருந்ததாகவும், பெரியவர் ஒருவர் தன்னிடம் அவகாசம் கேட்டதாகவும் சொன்னார். சங்கிலிகளைக் கழற்றி டீசலில் ஊறவைத்தார். புல் வாரும் கம்பிப் பற்களில் வளைந்ததை நிமிர்த்தி, ஒடிந்ததற்குப் புதிது மாட்டினார். ஆடிய பேரிங்கை மாற்றினார். கிரீஸ் அடிக்கும் இடம் ஒவ்வொன்றையும் துணியால் துடைத்துவிட்டு, பழைய கிரீஸ் பிதுங்கி வெளியே வரும்வரை அடித்தார். கயிறு அறுக்கும் கத்தியை, நிழல் மேலே விழுந்தாலும் இரண்டாகிவிடும் என்று சொல்லும் அளவுக்குத் தீட்டினார். அலகில் தேய்ந்திருந்த நாக்கை மாற்றி, அதன் முகத்தைச் சோப்புக்கட்டி மாதிரி வழுவழுப்பாக்கினார்.

மச்சான் பெரிய சக்கரத்தைக் கையால் சுற்றிக் கொடுத்தார். அக்காவின் வீட்டுக்காரரான அவர்தான் டிராக்டர் ஓட்டுவார். வார்த்தைகளை யாரோ எடைபோட்டு வரி போடப்போகிறார்கள் என்பது போல வாய் திறக்காத மனிதர். அவர் சுற்ற, ஊசி ஏறி இறங்க, அலகு சுழன்று முடிச்சைப் போட்டது. திரும்பச் சுற்றினார். அதே முடிச்சு. எத்தனை முறை சுற்றினாலும் கோளாறே இல்லை. கப்சாவுக்கு அதுதான் பிரச்சினை. கெட்டுப்போன மெஷினைச் சரிசெய்யலாம். கெடாத மெஷினை என்ன செய்வது?

பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் எல்லாவற்றையும் பிரித்தார். அப்போதுதான் அலகுக்குப் பின்னால், கிரீஸும் தூசியும் கெட்டியாகிக் கிடந்த இடுக்கில் ஒரு கயிற்றுத் துண்டு அகப்பட்டது. ஊசியால் நெம்பி எடுத்தார். போன வருஷத்து முடிச்சு. ஆனால் மெஷின் போட்ட முடிச்சு இல்லை. இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே செருகி, யாரோ பல்லால் இழுத்து இறுக்கியது. அந்த முடிச்சை அவர் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார். துணி காயப்போடும் கொடியில், வாசல் கதவின் கொக்கியில், அவருடைய தலையணை உறையின் வாயில்கூட அதுதான் இருந்தது.

சமையலறைக்குப் போனார். அக்கா ரேடியோ கேட்டபடி, மாட்டுக்குப் பிரித்துப் போட்ட கட்டுகளின் பழைய கயிறுகளை ஒன்றோடொன்று முடிந்து, பந்தாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். ஜன்னலடியில் கூடை நிறையப் பந்துகள். கடையில் வாங்கியதென்று சத்தியம் செய்யலாம், அவ்வளவு உருட்டு. ஆனால் உள்ளே ஒவ்வோர் ஆள் நீளத்துக்கும் ஒரு முடிச்சு.

“அக்கா, போன வருஷம் இந்தப் பந்தையெல்லாம் மெஷினோட கயித்துப் பெட்டியில போட்டியா?”

“போட்டேன். பின்ன, அழகு பாக்கவா சுத்தி வச்சேன்?”

“அதான் அவிழ்ந்துச்சு. ஒரு பந்து முடிஞ்சு அடுத்தது தொடங்குற எடத்துல ஒரு சின்ன முடிச்சு வந்தா மெஷின் பொறுத்துக்கும். நீ வழி நெடுக வேகத்தடை போட்டிருக்கே.”

“ஆமாமா. தையல் மெஷின் தானா சட்டை தச்சுச்சு. உன் தும்மல்ல ஜன்னல் விழுந்துச்சு. என் கயிறு மழையக் கூட்டிக்கிட்டு வந்துச்சு. போய் வேலையப் பாரு.”

வாழ்க்கையில் முதல்முறையாக, துளி கலப்படமில்லாத உண்மை ஒன்று கப்சாவின் கைக்கு வந்திருந்தது. அதை வாங்க ஆளில்லை. மச்சானிடம் கொண்டுபோய்க் காட்டினார். மச்சான் முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், சட்டைப்பையில் போட்டுக்கொண்டார், சக்கரத்தைச் சுற்றப் போய்விட்டார்.

சரி, நம்பவைக்க முடியாவிட்டால் பூட்டி வைக்கலாம் என்று முடிவு செய்தார் கப்சா. புதுக்கயிறு வாங்கிக் கயிற்றுப் பெட்டியை நிரப்பினார். தையல் மெஷின் மூடிக்குப் போடும் குட்டிப் பூட்டு ஒன்றை அதில் மாட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். என் மெஷினுக்கு எனக்கே பூட்டா என்று அக்கா இரண்டு வேளை அவரோடு பேசவில்லை.

அறுத்த புல் காய்ந்தது. அக்கா ஒரு பிடி அள்ளி முறுக்கிப் பார்த்தாள், முகர்ந்தாள், தலையசைத்தாள். மச்சான் டிராக்டரைக் கிளப்பினார்.

முதல் கட்டு வெளியே வந்ததும் கப்சா அதில் தன் சிவப்புக் கைக்குட்டையைக் கட்டி ஓரமாக வைத்தார். அதன் பிறகு மெஷினை விட்டு அவர் நகரவில்லை. பக்கத்திலேயே நடந்தார், பாகவதரின் கச்சேரிக்கு வந்தவர் மாதிரி காதைச் சாய்த்துக்கொண்டு நடந்தார். பின்னால் அக்கா வந்தாள். ஒவ்வொரு கட்டையும் கயிற்றைப் பிடித்துத் தூக்கினாள், உலுக்கினாள், குறை கிடைக்காத மாமியாரைப் போல முகத்தை வைத்துக்கொண்டு கீழே போட்டாள். கட்டுகள் வரிசையாக விழுந்துகொண்டே இருந்தன. செங்கல் சூளையே நடந்துவந்து பிரசவிப்பது போல இருந்தது என்று பின்னால் கப்சா வர்ணித்தார்.

உச்சிவேளையில் ஒரு பந்து தீரப்போனது. கப்சா பூட்டைத் திறந்துவைத்துவிட்டு, கிரீஸ் கையோடு கயிற்றைத் தொடக்கூடாது என்று கை கழுவப் போனார். தொழில் சுத்தம். திரும்பி வந்தபோது கயிறு இணைக்கப்பட்டு, மூடி சாத்தி, பூட்டும் பூட்டியிருந்தது. பக்கத்தில் அக்கா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

அக்கா உதவி செய்கிறாள் என்றால் அவளும் வழிக்கு வந்துவிட்டாள் என்று அர்த்தம். அந்தப் பூரிப்பில் அவர் பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. காலையிலிருந்து அவர் செய்த ஒரே தவறு அதுதான்.

மெஷின் கொஞ்ச தூரம்தான் போயிருக்கும். சீராக வந்த சத்தத்தின் நடுவே ஒரு விக்கல் விழுந்தது. கப்சா கையைத் தூக்கினார். மச்சான் எஞ்சினை நிறுத்துவதற்குள் கட்டு வெளியே வந்துவிட்டது. கொட்டாவி விடுவது போல மெல்ல உப்பி, இரண்டாகப் பிளந்து, புல்லெல்லாம் தரையில் சாய்ந்தது.

“லாரிக்காரருக்கு போன் பண்ணட்டுமா?” என்றாள் அக்கா.

கப்சா உதிர்ந்த புல்லை இரண்டு கையாலும் வாரி ஒன்றாகச் சேர்க்கப் பார்த்தார்.

மச்சான் இறங்கி வந்தார். சாவியைக் கப்சாவின் இடுப்பிலிருந்து தானே உருவிப் பெட்டியைத் திறந்தார். புதுக்கயிற்றுப் பந்துகளுக்கு நடுவே, நிறம் மங்கிய ஒரு பந்து உட்கார்ந்திருந்தது. பிறகு அலகில் சிக்கியிருந்ததை மெதுவாக இழுத்தெடுத்தார். சட்டைப்பையிலிருந்து பழைய துண்டையும் எடுத்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மனைவியின் உள்ளங்கையில் வைத்தார்.

“ரெண்டும் உன் முடிச்சு.”

அந்தப் பருவத்தில் அவர் ஆற்றிய நீண்ட உரை அது.

அக்கா கையைப் பார்த்தாள். அவிழ்ந்த கட்டின் கயிற்றைப் பொறுக்கினாள், பழக்கத்தில் விரலில் சுற்றத் தொடங்கினாள், நிறுத்தினாள். “நல்ல பந்து இருக்கறப்போ புதுசப் பிரிக்க மனசு வரல,” என்றாள், யாரிடமும் இல்லாமல். பிறகு கயிற்றை வேலிக்கு அப்பால் வீசிவிட்டு, மிச்ச நிலத்தை முடிக்கச் சொன்னாள்.

கப்சா பெட்டியிலிருந்த பழைய பந்தை எடுத்துவிட்டுப் புதுக்கயிற்றை இணைத்தார். பூட்டவில்லை. அதன் பிறகு நிலத்தின் கடைசி மூலைவரை ஒரு கட்டும் அவிழவில்லை. மேகம் கூடியபோது எல்லாம் கொட்டகைக்குள் அடுக்கியாகிவிட்டது.

சவாரி, மீசை பற்றிய பேச்சை எல்லோரும் மறந்திருப்பார்கள் என்று கப்சா மனதார நம்பினார். லாரி பற்றி அக்கா இன்னும் ஒன்றும் சொல்லாமலிருந்ததால் அவரும் அடக்கமாகவே நின்றார்.

“என்னவோ குதிரைன்னியே,” என்றாள் அக்கா.

வேறு வழியில்லை. கைக்குட்டை கட்டிய கட்டை மச்சான் பரணில் ஏற்றினார். பின்னாலேயே கப்சாவும் ஏணியில் ஏறினார். கீழே பார்த்தார். சமையலறையில் சொன்னபோது பரண் இவ்வளவு உயரமாக இல்லை. யாரோ நடுவில் ஏற்றியிருக்க வேண்டும்.

கீழே அக்கா, மதியம் அவிழ்ந்த கட்டின் புல்லைக் கவட்டைக் கோலால் வாரிவந்து, பரணுக்கு நேராகக் குவித்துக்கொண்டிருந்தாள். மேலே பார்க்கவேயில்லை.

“அது எதுக்குக்கா?”

“மாட்டுக்கு.”

கப்சா கட்டின் மேல் ஏறி உட்கார்ந்தார். இரண்டு கயிறுகளையும் கடிவாளம் மாதிரி பிடித்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு மச்சானுக்குத் தலையசைத்தார். மச்சான் தள்ளினார்.

கொட்டகை அதிர்ந்தது. தூசி அடங்கியபோது கப்சா கட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தார், தலையெல்லாம் புல்லோடு. இரண்டு கயிறும் வீணைத் தந்தி போல விறைத்து நின்றன. பிரிந்தது அவருடைய கால்சட்டையின் தையல் மட்டும்தான், மேலிருந்து கீழ்வரை.

மறுநாள் காலை பழைய இரும்புக்காரர் லாரியை வாசலில் நிறுத்தினார். வேறு கால்சட்டையில் இருந்த கப்சா அவரை மறித்து நடந்ததைச் சொன்னார். பரண் மூன்று மாடி உயரமானது. கட்டு கீழே வந்த வேகத்தில் இரண்டு முறை துள்ளியது. மாடுகள் எழுந்து நின்றன. இரும்புக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். லாரியிலிருந்து சங்கிலியை உருவிக்கொண்டே அக்காவிடம் திரும்பினார்.

“நீங்க சொல்லுங்கம்மா. ஒரு கட்டுகூடவா அவிழல?”

“ஒண்ணு அவிழ்ந்துச்சு,” என்றாள் அக்கா.

இரும்புக்காரர் சங்கிலியோடு பேலரை நோக்கி ஓர் அடி எடுத்துவைத்தார்.

“மெஷின் போட்ட முடிச்சு ஒண்ணும் அவிழல. மெஷின் வாயை அடைச்சது நான் போட்ட முடிச்சு. போன வருஷமும் அதான். லாரியைத் திருப்புங்க.”

இரும்புக்காரர் சங்கிலியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்ப அந்தக் குதிரைச் சவாரி?”

அக்கா தம்பியைப் பார்த்தாள். துணிக்கொடியில், அவளே முடிச்சுப் போட்ட கொடியில், கிழிந்த கால்சட்டை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

“மூணு மாடியெல்லாம் இல்ல,” என்றாள். “ஆனா உக்காந்துதான் வந்தான். நான் பாத்தேன்.”