வாசலில் இரண்டு பூ

ஊருணியிலிருந்து குடத்தோடு திரும்பிய அழகி வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். கோலத்தின் நடுவே சாணி உருண்டையில் அவள் செருகிவிட்டுப் போனது ஒரு பூசணிப் பூ. இப்போது இரண்டு இருந்தன.

மார்கழி பிறந்தால் மணமேல்குடிப் பக்கம் கடலும் தெரியாது, தென்னையும் தெரியாது. எல்லாவற்றையும் பனி மூடிக்கொள்ளும். குளிர் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, துண்டைப் போர்த்தினால் அடங்கிவிடும். ஆனாலும் அப்பா உடையப்பன் வாசலோரம் வைக்கோலைக் கொளுத்திக் குளிர்காய்வார். ஆத்தா ராக்காயி அந்தத் தணலில் பனங்கிழங்கு சுடுவாள். கோலம் போட்டுப் பூ வைப்பது அழகியின் வேலை. ஒரு பூ இருந்தால் அந்த வீட்டில் கட்டிக்கொடுக்க ஒரு பெண் இருக்கிறாள் என்று அர்த்தம். மார்கழியில் யாரும் வாய்திறந்து பெண் கேட்க மாட்டார்கள். பூவைப் பார்த்து வைத்துக்கொண்டு தை பிறந்ததும் வருவார்கள். பள்ளிக்கூடத்தை நிறுத்திய இரண்டு வருஷமாக அந்த ஒற்றைப் பூ அழகியினுடையது.

இன்னொன்று யாருடையது என்று கேட்காமலே தெரிந்தது. அக்கா பிச்சையம்மாளின் கழுத்தில் தாலி இருக்கிறது. கட்டியவன் அத்தை முனியாயியின் மகன் வீரய்யா, சுதந்திரம் வந்த மறுவருஷம் பினாங்குக்குக் கப்பலேறினான். இரண்டு கடுதாசி வந்தது. அதன்பிறகு ஆறு வருஷமாக ஒன்றுமில்லை. பழைய தாலியை அறுத்துவிட்டு வேறொருவனுக்குக் கட்டிக்கொடுப்பது இவர்கள் வழக்கத்தில் உண்டுதான். ஆனால் அத்தை சம்மதிக்க வேண்டும். அக்காவிடம் அந்தப் பேச்சை எடுக்க அப்பாவுக்கே நாக்கு எழவில்லை.

அந்த அத்தைதான் தினமும் காலையில் அடுப்புக்குத் தணல் எடுக்க இங்கே வருவாள்.

"அடியே, ஒண்ண எடுறி! ஒன் அயித்த வர்ற நேரம்," என்று ராக்காயி பதறினாள்.

அழகி குனிந்தாள். எது தன் பூ? இரண்டும் ஒரே கொடியில் பூத்தவை, இரண்டின் மேலும் ஒரே பனி.

"எடுக்காத அழகி," என்றாள் பிச்சையம்மாள் நிலைப்படியிலிருந்து. விரல்களில் சாணி இன்னும் காயவில்லை. "நான்தான் வச்சேன்."

உடையப்பன் நிமிரவில்லை. எரிகிற வைக்கோலையே கிளறிக்கொண்டிருந்தார்.

"என்னடி இது, வீடு பத்திக்கிச்சோன்னுல்ல ஓடியாறேன், இம்புட்டுப் பொகையா!" பனிக்குள்ளிருந்து முனியாயி கையில் கொட்டாங்குச்சியோடு சிரித்துக்கொண்டு வந்தாள். கோலத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"ஏன் தம்பி, கட்டிக்குடுக்க ஒனக்கு எத்தன மக இருக்கா?"

"சின்னப்புள்ள தெரியாம வச்சிருச்சு மதினி," என்றாள் ராக்காயி.

"தெரியாமயா வப்பாக? எம்மகன் உசுரோட இருக்கான்." குனிந்து ஒரு பூவைப் பிடுங்கி நெருப்பில் போட்டாள். ஈரப் பூ சட்டென்று எரியவில்லை. உஸ்ஸென்று சுருண்டது. "மிச்சம் இருக்கது அழகியோடது. தையில நல்ல எடமாப் பாரு தம்பி."

பிச்சையம்மாள் உள்ளே திரும்பினாள். அந்த முதுகைப் பார்த்த பிறகு அழகிக்குப் பயம் எங்கே போனதோ தெரியவில்லை.

"இல்ல அயித்த. நீங்க எரிச்சதுதான் என்னோடது. இருக்கது அக்கா பூவு."

வைக்கோல் படபடத்தது. அப்பா அடிக்க எழுந்திருப்பார் என்று அழகி தோளைக் குறுக்கிக்கொண்டாள். அவர் எழவில்லை.

முனியாயி பிச்சையம்மாளைப் பார்த்தாள். "அவன் இருக்கான்னு நீ நம்பலையாடி?"

"நீங்க நம்புறீங்களா அயித்த?"

கொட்டாங்குச்சி கையிலேயே இருந்தது. முனியாயி தணல் அள்ளவில்லை. ராக்காயியின் பனங்கிழங்கு கருகி நாறியது, யாரும் புரட்டவில்லை. உடையப்பன் துண்டை உதறி அரிவாளை எடுத்தார். தினமும் கோலத்தை மிதித்துக்கொண்டு வயலுக்குப் போகிறவர் இன்று வேலியோரமாகச் சுற்றிக்கொண்டு போனார்.

கடல் பக்கம் வெயில் ஏறிப் பனி விலகியது. வெயில் பட்டால் பூசணிப் பூ சுருங்கிவிடும். முனியாயி கிழக்கே முதுகைக் காட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே நின்றாள். கோலமெல்லாம் வெயில் விழுந்திருந்தது. அவளுடைய நிழல் கிடந்த இடத்தில் மட்டும் பூ இன்னும் விரிந்திருந்தது.