சரி வராத உத்தரவு

என் கணவர் பையும் கையுமாக வாசலில் நின்றுகொண்டிருந்தார். வெங்காயம் ஒரு கிலோ, சோப்பு இரண்டு, பால் ஒரு பாக்கெட் என்று நான் சொல்ல, அவரும் அதையே வரிசை மாறாமல் திருப்பிச் சொல்லி முடித்திருந்தார். நான் அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டேன். இரண்டு நிமிடம் கழித்து எட்டிப் பார்த்தால் மனிதர் இன்னும் அங்கேயே நிற்கிறார்.

"சரிங்க, சரி. போய்ட்டு வாங்க," என்றேன். அப்புறம்தான் கால் செருப்புக்குள் நுழைந்தது.

இருபத்தாறு வருடமாக இந்தக் கூத்துதான். அவர் அணுமின் நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் ஆபரேட்டர். அங்கே ஒருவர் உத்தரவு சொன்னால் கேட்டவர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் "சரி" என்ற பிறகுதான் கை சுவிட்சுக்குப் போகும். சரி வராத உத்தரவு உத்தரவே இல்லை. ஒரு வால்வைத் திறக்கச் சொன்னால் வேறொன்றைத் திறந்துவிடக் கூடாதே என்பதற்காக வைத்த ஏற்பாடு. வால்வுக்கு வேண்டியதுதான், வெங்காயத்துக்குமா? குடியிருப்பில் அவருக்கு எதிரொலி என்றே பெயர். கல்யாணமான புதிதில் ஒருநாள் வெட்கத்தை விட்டு, "எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு" என்றேன். "உனக்கு என்னை ரொம்பப் பிடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது.

எங்கள் மகளும் சின்ன வயதில் அப்பாவோடு சேர்ந்து இந்த விளையாட்டை விளையாடியவள்தான். பெயருக்குத்தான் பாப்பா, வயது இருபத்து மூன்று. இரண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கும் நகரத்தில் படித்து, அங்கேயே வேலையும் பார்க்கிறாள். போன வருடம் அவளுடைய பட்டமளிப்பு விழாவுக்கு நான் முதல் நாளே போய்விட்டேன். இரவு டியூட்டி முடித்து, காலை ஆறு மணிக்குக் கிளம்பி வருவதாக இவர் சொல்லியிருந்தார். ஆனால் ஆறு மணிக்கு வரவேண்டிய ஆபரேட்டர் வரவில்லை. அடுத்த ஆள் வந்து பொறுப்பேற்காமல் அந்த நாற்காலியை விட்டு எழக்கூடாது. இவர் எழுந்தபோது மணி பதினொன்று. என் பக்கத்து நாற்காலியில் விழா முடியும்வரை என் கைப்பைதான் உட்கார்ந்திருந்தது.

அன்று மதியம் அவளும் இவரும் போனில் ஏதோ பேசினார்கள். அதோடு சரி, பதினோரு மாதமாகப் பேச்சில்லை. அவளைக் கேட்டால், "அப்பாவே சொல்லிட்டாரும்மா, போன் பண்ண மாட்டேன்னு" என்பாள். இவரைக் கேட்டால் எழுந்துபோய்ச் சட்டைக்கு இஸ்திரி போடுவார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது எனக்கென்றே சொன்னது போல ஆகிவிட்டது.

பிடிவாதம் பிடித்த மனிதர் என்று நினைத்து எத்தனையோ நாள் மனதுக்குள் திட்டியிருக்கிறேன். ஆனால் சாப்பிடும்போது திடீரென்று, "பாப்பா ரூம்ல ஃபேன் நம்ம கரண்ட்லதான் ஓடும், இல்ல?" என்பார். நிலக்கரி, அணை, காற்றாலை, எங்களுடையது எல்லாம் ஒரே கம்பியில் கலந்துதான் போகும், எது யாருடையது என்று பிரிக்கவே முடியாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். காற்று நின்றாலும் மழை பொய்த்தாலும் ஒரே சீராக ஓடுவது எங்கள் நிலையம் என்பதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை. எரிபொருள் மாற்றுவதற்காக உலையை ஒன்றரை மாதம் நிறுத்தி வைத்திருந்தபோது மனிதர் சரியாகச் சாப்பிடவே இல்லை. மகளுக்கு அவர் அனுப்பிக்கொண்டிருந்தது அந்தக் கரண்ட் ஒன்றுதான். நேற்றுதான் மறுபடி ஓட ஆரம்பித்தது.

கடையிலிருந்து வந்ததும் வராததுமாக, "நேத்துல இருந்து பாப்பாவுக்கும் நம்ம கரண்ட் போகுது," என்றார். வீட்டில் மிச்சமிருந்த வெங்காயத்தை நறுக்கிக்கொண்டிருந்த எனக்குப் பொறுக்கவில்லை.

"கரண்ட் போனா போதுமா? நீங்க ஒரு போன் பண்ணா குறைஞ்சா போயிடுவீங்க?"

"அவதான் 'இனிமே எனக்குப் போன் பண்ணாதீங்க'ன்னு சொன்னா."

"அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

பால் பாக்கெட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். "'இனிமே உனக்குப் போன் பண்ணக் கூடாது'ன்னு சொன்னேன்."

என் கையில் கத்தி நின்றுவிட்டது. "அட மனுஷா! திருப்பிச் சொன்னீங்களா?"

"பதிமூணு மணி நேரம் டியூட்டி பார்த்த வாய். தானா வந்துடுச்சு."

இதைத்தான் அவள் அப்பா வைத்த முற்றுப்புள்ளி என்று நினைத்துப் பதினோரு மாதம் அழுதிருக்கிறாள். அவள் சொல்லுக்குக் கட்டுப்பட்டு இவரும் ஊமையாக இருந்திருக்கிறார். எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. நல்லவேளை, பழியைப் போட வெங்காயம் இருந்தது.

"அதுக்கு அவ சரின்னு சொன்னாளா?" என்று கேட்டேன்.

யோசித்தார். "இல்ல. கட் பண்ணிட்டா."

"சரி வராத உத்தரவு?"

மெதுவாக, "செல்லாது" என்றார்.

நானே எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தேன். அவர் அதன் முன்னால் டியூட்டியில் நிற்பது போல விறைப்பாக நின்றார். மூன்றாவது மணியில் எடுத்தாள். "சொல்லும்மா."

"பாப்பா, அப்பா பேசறேன். அன்னைக்கு நான் அங்க இருந்திருக்கணும்." பால் பாக்கெட்டை மறுகைக்கு மாற்றினார். "ஞாயித்துக்கிழமை லீவு. உன்னைப் பார்க்க வர்றேன்."

அவள் அறையின் ஃபேன் சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. வைத்துவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

"ஞாயித்துக்கிழமை லீவு," என்றாள். குரல் உடைந்திருந்தது. "என்னைப் பார்க்க வர்றீங்க."

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள்.

இனி அவர் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. வாயைத் திறந்தார், வரவில்லை. மறுபடி திறந்தார். கையிலிருந்த பால் பாக்கெட் வேர்த்துத் தரையில் சொட்டியது. ஸ்பீக்கரில் ஃபேன் ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்க, அவர் அந்தப் போனைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.