முப்பதாம் நோன்பும் புதுத் திரியும்

பன்னிரண்டு வருடமாகச் சிட்னியில், டூங்கபியில் இருக்கிறேன். ஒரு ரமலானிலாவது முப்பது நோன்பையும் முழுதாகப் பிடித்ததில்லை. பின்னேரம் நாலு மணியானால் கை தன்பாட்டில் சிகரெட் பெட்டியைத் தேடும். விட்டதைப் பெருநாளுக்குப் பிறகு கழாப் பிடித்து ஈடுசெய்வேன், அது வேறு. ஆனால் என் மனைவி லைலாவின் தம்பி ரிஃபாஸ் ஒவ்வொரு வருடமும் வந்து, “இந்த முற எத்தின போச்சு மச்சான்?” என்று எல்லோர் முன்னாலும் கேட்பான். அவன் வாயை ஒரு தடவையாவது அடைக்காமல் நான் மௌத்தாகக் கூடாது.

அதற்காகவே இந்த வருடம், 2013 ரமலானுக்கு முன் சிகரெட்டைத் தூக்கி எறிந்துவிட்டு இ-சிகரெட் வாங்கினேன். நோன்பு திறந்த பிறகு மட்டும் இழுப்பேன். பகலில் சுத்தம் செய்வதோடு சரி. ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக் கருவிகளைக் கழுவிக் கிருமி நீக்கும் பிரிவில் எனக்கு வேலை. பரிசோதிக்காத ஒரு கத்தரிக்கோல் என் கையைத் தாண்டிப் போனதில்லை. சிலர் இ-சிகரெட்டுக்குள் சூடாகும் கம்பிச் சுருள் கருகியதும் குப்பையில் போட்டுப் புதிது வாங்குகிறார்கள். சோம்பேறிகள். எனக்கு ஒரே சுருள் மாதம் முழுவதும் ஓடியது.

முப்பதாம் நோன்பன்று ரிஃபாஸ் நோன்பு திறக்க வருவதாக இருந்தது. பின்னேர அஸர் தொழுதுவிட்டுக் குசினி மேசையில் உட்கார்ந்தேன். சுருளுக்குள் இருந்த பழைய பஞ்சுத் திரியை ஊசியால் உருவியெடுத்துப் பொத்தானை விட்டு விட்டு அமுக்கினேன். கம்பிச் சுருள் செக்கச் சிவந்து, ஒட்டியிருந்த கரி பொருக்காக உதிர்ந்தது. ஆறவிட்டுக் குழாயில் கழுவினேன். லைலாவின் பால் சட்டியில் அவித்துக் காயவைத்த பஞ்சைத் திரித்துச் சுருளுக்குள் நுழைத்தேன். இறுக்கினால் திரவம் ஏறாது, தளர்ந்தால் ஒழுகும். திரவம் விட்டுப் பத்து நிமிடம் ஊறவைத்தேன். பிறகு வேலை தெரிந்த எவனும் செய்வதைச் செய்தேன். இழுத்துப் பார்த்தேன்.

புகை வெளியே வந்தபோதுதான் நோன்பு ஞாபகம் வந்தது. மறந்து செய்தால் நோன்பு முறியாது என்று சின்ன வயதிலேயே ஓதியிருக்கிறோம். அல்ஹம்துலில்லாஹ் என்று வாயைக் கொப்பளித்தேன். அத்தோடு மூடி வைத்திருக்கலாம். ஆனால் அந்த இழுப்பில் லேசான கருகல் ருசி. திரியின் ஒரு முனை காய்ந்திருந்தது. அதைச் சரிசெய்தேன். சரிசெய்ததைப் பரிசோதிக்காமல் வைப்பதா? இரண்டாந்தரம் இழுத்தேன். அதை மறதி என்று யாரிடமும் சொல்ல முடியாது.

அருமையாக இருந்தது. மணி நாலு. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஐந்தேகாலுக்குப் பிறகு போனில் பாங்கு கேட்டது. லைலா முதல் ஈச்சம்பழத்தை எனக்கே தந்தாள். முப்பதும் முழுசு என்று சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ரிஃபாஸ் தோளில் தட்டி, இந்த முறை கேட்க ஒன்றுமில்லை என்று ஒப்புக்கொண்டான். பன்னிரண்டு வருடம் நான் காத்திருந்த பேச்சு. தலையைக் குனிந்து கஞ்சியைக் குடித்தேன். வெட்கங்கெட்டவன்.

கஞ்சி முடிந்ததும் அவன் இ-சிகரெட்டைக் கையிலெடுத்துப் புரட்டினான். இதெல்லாம் வெறும் குப்பை, பஞ்சு கருகி வாயெல்லாம் நாறுமாம் என்றான். என் திரியா நாறும்? எனக்கு ஏறிவிட்டது.

“யாருக்கிட்ட சொல்ற? அஸருக்குப் பொறகு ரெண்டாந்தரம் இழுத்துப் பாத்தன். கருகல் துளிகூட இல்ல.”

லைலா என்னையே பார்த்தாள்.

“அப்ப மொதல் தரம்?”

“அது மறதி,” என்றேன்.

“அப்ப இந்த முற ஒண்டுதான் கழா,” என்று சொல்லிவிட்டுக் கஞ்சிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

ரிஃபாஸ் ஒன்றும் கேட்கவில்லை. இ-சிகரெட்டை வாயில் வைத்து நிதானமாக ஓர் இழுப்பு இழுத்தான்.

“உண்மதான் மச்சான்,” என்றான். “கருகல் இல்ல.”