கஞ்சி போட்ட வார்

பிலேந்திரனுக்கு மூன்று வருடமாக ஒரே வேடம்தான், ஈட்டி பிடித்த ரோமச் சேவகன். வசனம் கிடையாது. முழங்கால் வலி உண்டு. ஒஸ்லோவில் தமிழ்க் கத்தோலிக்கர் வசந்தத்தில் போடும் நாடகத்தை எழுதுவதும் யோசேப்பு, பழக்குவதும் யோசேப்பு, நடிகர்மேல் எரிந்து விழுவதும் யோசேப்பு. அந்த மனிதர் இந்த வருடம், "பிலேந்திரன், நீர்தான் நீதிபதி" என்றதும் இவருக்குக் கால் நிலத்தில் படவில்லை.

ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது.

"ரோம நீதிபதிக்கு முகம் வழுவழுப்பா இருக்கவேணும். போன வருசத்து டிவிடியைப் பாத்தனீரோ? நீதிபதியும் கள்ளனும் அண்ணன் தம்பி மாதிரி நிக்கினம். ஒரு மயிர் தெரிஞ்சாலும் திரும்ப ஈட்டிதான், சொல்லிப்போட்டன்."

பிலேந்திரனின் தாடி லேசுப்பட்ட தாடியல்ல. விடிய வழித்துவிட்டு பஸ் ஓட்டப் போனால் மத்தியானத்துக்குள் முகம் கறுத்துவிடும். மின்சார மெஷின் பட்டால் கழுத்தெல்லாம் கொப்பளம். கடை றேசரால் வழித்துக்கொண்டு ஒத்திகைக்குப் போனபோது யோசேப்பு கன்னத்தை விரலால் தடவிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அதன் பிறகுதான் லோறென்ஸ்கூக்கில் ஒரு பழம்பொருள் சந்தையில் பிலேந்திரன் மடக்குச் சவரக்கத்தி ஒன்றையும் அதைத் தீட்டும் வாரையும் வாங்கினார். வாரின் ஒரு பக்கம் தோல், மறுபக்கம் தடித்த லினன் துணி.

தீட்டுவதை இணையத்தில் தேடித்தேடிப் படித்தார். முதலில் லினன், பிறகு தோல். வார் தொய்யக்கூடாது. கத்தியைப் படுக்க வைத்து, முதுகு முன்னே போக, கூர் பின்னே வர இழுக்கவேண்டும். திருப்பும்போது முதுகின்மேல் புரட்டவேண்டும். அமத்தவே கூடாது. குளியலறைக் கதவுக் கொளுக்கியில் வாரை மாட்டி, நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு பழகினார். இரண்டு கிழமையில் கை படிந்துவிட்டது. வழித்த முகத்தைக் கண்ணாடியில் பார்த்தபோது அவருக்கே தீர்ப்புச் சொல்ல ஆசை வந்தது.

மனைவி மரியரஞ்சனிக்கு அந்த லினன் பட்டியைக் கண்டாலே பிடிக்காது. "சாம்பல் நிறத்தில ஒரு ஊத்தைத் துணி. அதில தீட்டி முகத்தில வைக்கிறியளே!" கோயில் பீடத்துக்கு விரிக்கும் லினன் துணிகளைத் தோய்த்துக் கஞ்சி போடுவது அவள் பொறுப்பு. அவள் கைபட்ட விரிப்பு தனியே எழுந்து நிற்கும் என்று சனம் சொல்லும்.

நாடகத்தன்று பின்னேரம் பிலேந்திரன் லினனில் கத்தியை இழுத்தார். வழக்கத்துக்கு மாறாக ஒரு சரசரப்புக் கேட்டது. பதட்டம் என்று நினைத்துத் தோலிலும் இழுத்துவிட்டு முகத்தில் வைத்தார். கத்தி வழிக்கவில்லை, பிடுங்கியது. திரும்பவும் லினனில் தீட்டினார், இன்னும் மோசமானது. நாடியில் சுரீரென்று ஒரு வெட்டு. கத்தியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கூரில் பள்ளம். லினனைத் தடவினால், காய்ந்து கல்லாகிப்போன ஒரு சோற்றுப் பருக்கை! துணி வெள்ளை வெளேரென்று விறைத்து நின்றது.

"இஞ்சை வாரும்! இதுக்குக் கஞ்சி போட்டது ஆர்?"

மரியரஞ்சனி எட்டிப் பார்த்தாள். பாதி வழித்த முகமும் இரத்தமும் அவளைத் திகைக்க வைத்தன. "எனக்கென்ன தெரியும்? நான் ஏன் உதைத் தொடுறன்?"

வீட்டில் இருப்பதே இரண்டு பேர். மகள் படிப்பது துரொன்ஹெய்மில்.

பிலேந்திரனுக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்று வருட ஈட்டி கண்முன் வந்து நின்றது. அவள் தன்னுடைய இளஞ்சிவப்பு றேசரை எடுத்துவந்து, அவர் தாடையைப் பிடித்து மிச்சத்தை வழித்தாள். காயத்தில் கடதாசித் துண்டு ஒட்டி, மேலே பவுடர் அப்பினாள். நாடகம் நடக்கும் ரொம்சோஸ் மண்டபம்வரை பிலேந்திரன் அவள் பக்கம் திரும்பாமலே காரை ஓட்டினார். திரைக்குப் பின்னால் யோசேப்பு கிட்ட வந்து உற்றுப் பார்த்தார். மூச்சு விடுவதை நிறுத்தினார் பிலேந்திரன். "தூரத்தில தெரியாது. போம்!"

கடைசிக் காட்சி. நிரபராதி ஒருவன் கொல்லப்பட்டுவிட்டான். நீதிபதி கைகளை உயர்த்தி முழங்கவேண்டும், முழங்கினார்:

"என் மீது ஒரு துளி இரத்தமும் இல்லை, பாருங்கள்!"

வாயை அகலத் திறந்ததில் காயமும் திறந்துகொண்டது. நாடியிலிருந்து வெள்ளை அங்கியில் சொட்டுச் சொட்டாய் விழுந்தது. முன்வரிசை பார்த்தது. பின்வரிசை எழும்பி நின்று பார்த்தது. எங்கோ ஒரு சிரிப்பு வெடித்தது. பிலேந்திரனுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனால் அடுத்த வசனத்தைச் சொல்லத்தானே வேண்டும்.

"சொல்லுங்கள்! இந்த இரத்தத்துக்குப் பொறுப்பு யார்?"

நாடகத்தின்படி சனக்கூட்டம் தலைகுனிந்து மௌனமாக நிற்கவேண்டும். அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாக மேடையில் முக்காடு போட்டு நின்ற மரியரஞ்சனி தலையை நிமிர்த்தினாள்.

"நான்தான், பிரபு. தோய்ச்சதும் நான்தான், கஞ்சி போட்டதும் நான்தான்."

மண்டபம் கொல்லென்று சிரித்தது. திரை ஓரத்தில் யோசேப்பு இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். பிலேந்திரன் மனைவியைப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. கண் கலங்கி நின்றாள். அவருடைய கோபமெல்லாம் அந்த இடத்திலேயே கரைந்துபோயிற்று. அங்கியின் நுனியால் நாடியைத் துடைத்து, கையை நீட்டினார்.

"பெண்ணே, உண்மை சொன்னாய். இந்தச் சபை உன்னை மன்னிக்கிறது. ஆனால் இனிமேல் என் வாரைத் தொடாதே!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் பிடித்தது. திரை விழுந்ததும் யோசேப்பு ஓடிவந்தார். பிலேந்திரன் ஈட்டியை வாங்க இரண்டு கையையும் நீட்டினார்.

"என்ன கையை நீட்டுறீர்? அடுத்த வருசமும் நீர்தான் நீதிபதி. அவவுக்கும் வசனம் எழுதப் போறன்."

வீடு திரும்பும்போது மரியரஞ்சனி மெல்லக் கேட்டாள்: "அப்ப, உண்மையாவே மன்னிச்சிட்டியளோ?"

"சபையில சொன்ன தீர்ப்பை மாத்தேலாது," என்றார் நீதிபதி. "உம்மடை றேசரை மட்டும் இனி என்ர அலுமாரியில வையும்."