கீழ்வீட்டில் கொடுத்த சாவி

நாற்பத்தோராயிரத்து அறுநூற்றைம்பது. அவர் எனக்குத் தர வேண்டியது அவ்வளவுதான். "இதெல்லாம் ஒரு தொகையா மேஸ்திரி" என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். தொகையே இல்லையென்றால் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே என்று கேட்டால், போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார். அந்தப் பக்கம் யாரும் இருக்க மாட்டார்கள்.

அவருக்குக் கொத்து வேலைக்காரர்கள் நாங்கள் வைத்த பெயர் முதலீடு. வாய்க்கு வாய் அந்தச் சொல்தான். செங்கல்லைப் பார்த்தாலும் முதலீடு, சந்தில் நாய் படுத்திருந்த இடத்தைப் பார்த்தாலும் முதலீடு. ஏதோ கம்பெனியில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கியவர். தூங்கும்போதும் பணம் வரும் என்று எவனோ போனில் பேசியதைக் கேட்டுவிட்டு வேலையை உதறினார். பேங்கில் கடன் வாங்கிப் பழைய வீடுகளாக வாங்க ஆரம்பித்தார். பணம் வந்ததா என்று எனக்குத் தெரியாது. தூக்கம் போனது மட்டும் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

பழைய வீடு வாங்குகிறவன் சுவரைத் தட்டிப் பார்ப்பான். மழை நாளில் ஒரு தடவை வந்து அண்ணாந்து பார்ப்பான். இவர் வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். மாடியும் கீழுமாக இரண்டு பகுதி உள்ள வீடு அது. மாடி காலி. கீழே ஓர் ஆள் குடியிருந்தார். வீட்டோடு சேர்த்து அந்த ஆளையும் வாங்கிவிட்டோம் என்பது பத்திரம் முடிந்த பிறகுதான் முதலீட்டுக்கு உறைத்தது.

கீழ்வீட்டுக்காரர் பெயர் சட்டம். இதுவும் நாங்கள் வைத்ததுதான். தேய்த்த வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. மழை வருமா என்று கேட்டாலும் "சட்டப்படி பார்த்தா" என்றுதான் ஆரம்பிப்பார். சட்டம் படித்தாரா, எந்தக் கோர்ட் வாசலையாவது மிதித்தாரா, யாருக்கும் தெரியாது. குடும்பம் ஊருக்குப் போயிருக்கிறது என்பார். திரும்பி வந்து நான் பார்க்கவில்லை. வாடகை கேட்டால், பழைய ஓனரிடம் கொடுத்த அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்லுவார். பழைய ஓனரோ அந்த அட்வான்ஸை விழுங்கிவிட்டுக் கண்காணாத இடத்துக்குப் போய்விட்டார். வீட்டை வாங்கும்போதே முதலீடு அதைக் கேட்டிருந்தால் விலையில் குறைத்திருக்கலாம். கேட்பதற்கு வாய் வேண்டுமே. அந்த நேரத்தில் அவர் வாய் முழுக்க முதலீடு இருந்தது.

மாடியைப் புதுப்பிக்கும் வேலை எனக்கு வந்தது. தரையைக் கொத்தி டைல்ஸ் போட வேண்டும், குளியலறையை முழுதாக மாற்ற வேண்டும், ஒழுகுகிற இடங்களை அடைக்க வேண்டும். முதல் நாள் எனக்கு நாற்காலி போட்டு உட்கார வைத்தார். அப்போதே நான் எழுந்து ஓடியிருக்க வேண்டும். சாமான் வாங்கப் போன இடத்தில் கார்டு வேலை செய்யவில்லை என்றார். "உங்க பேர்ல வாங்குங்க மேஸ்திரி. கடைசியில மொத்தமா செட்டில் பண்ணிடறேன்." ஹார்டுவேர் கடைக்காரர் பில்லை நீட்ட, நான் கையெழுத்துப் போட்டேன். கைநாட்டு வைத்த காலத்தில் யாரும் என்னிடம் பில்லை நீட்டியதில்லை. வயதான பிறகு எழுத்துக் கற்றுக்கொண்டதில் எனக்குக் கிடைத்த முதல் லாபம் இது.

வேலை முடிந்தது, பணம் வரவில்லை. கடைக்காரர் இரண்டு முறை மரியாதையாகக் கேட்டார். மூன்றாம் முறை என் டைல்ஸ் கட்டிங் மிஷினை வாங்கிக் கல்லாவுக்குக் கீழே வைத்துக்கொண்டார். பணத்தைக் கொண்டு வந்துவிட்டு மிஷினைக் கொண்டு போகச் சொன்னார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவர் கடை நடத்துகிறார். மிஷின் இல்லாத மேஸ்திரியை யார் கூப்பிடுவார்கள்? எனக்குக் கீழே கலவைச் சட்டி தூக்கிக்கொண்டிருந்த பயல் ஒருத்தன் இப்போது தனியாக வேலை எடுத்துச் செய்கிறான். அவனிடம் போய்ச் சட்டி தூக்கினேன். "என்னண்ணே, கொஞ்சம் கால எட்டிப் போடுங்க" என்பான். அண்ணே என்று சொல்வதை அவன் நிறுத்தவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல். அவர் தர வேண்டிய பணத்தில் பாதி கடைக்கு, பாதி என் கூலி. அது வந்தால் நான் மறுபடியும் மேஸ்திரி. வராவிட்டால் சட்டிதான்.

முதலீட்டைத் தேடிப் போகும்போதெல்லாம் ஒரே பதில்தான். மாடிக்கு ஆள் வந்தால்தான் பணம் வருமாம். ஆள் வராமலும் இல்லை. வீடு பார்க்க வந்தவர்கள் மாடிப்படி வரைக்கும் வந்தார்கள். கேட் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த சட்டம் அவர்களை நிறுத்தி, எந்தச் சுவர் எந்த மழையில் வியர்க்கும், ஓனர் எப்படிப்பட்டவர் என்று விளக்கமாகச் சொல்லி அனுப்பிவைத்தார்.

ஒருநாள் முதலீடு என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கீழ் வீட்டு பாத்ரூமை உடைச்சிடுங்க. ரிப்பேர்னு சொல்லுங்க. குளிக்க இடமில்லாம எத்தனை நாள் இருந்துடுவான்? அவன் வெளியே போன அன்னிக்கு உங்க பணம் உங்க கையில."

குடியிருக்கிறவன் கக்கூஸை உடைத்து அவனைத் துரத்துவது ஒரு வேலையா? இல்லைதான். நான் உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு போனேன். மிஷின் கல்லாவுக்கடியில் கிடந்தது.

சட்டம் தானே கதவைத் திறந்துவிட்டார். வாளியையும் சோப்புப் பெட்டியையும் அவரே வெளியே எடுத்து வைத்தார். ஓனர்தான் உடைக்கச் சொன்னாரா என்று ஒரே கேள்விதான் கேட்டார். ஆமாம் என்றேன். "நல்லது. உடைங்க" என்று சொல்லிவிட்டுப் பேப்பர் படிக்க உட்கார்ந்தார். பீங்கான் கோப்பையைப் பெயர்த்தேன், தரையைக் கொத்தினேன், உடைசலைக் கேட் ஓரம் கொண்டுபோய்க் கொட்டினேன். பேப்பரைவிட்டு அவர் தலையைத் தூக்கவே இல்லை. மானம் ரோஷம் இல்லாத ஆள் என்று நினைத்தேன். அன்று அந்த வீட்டில் மானம் ரோஷத்தோடு யார் இருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

மறுநாள் காலையில் பணம் வாங்கப் போனேன். முதலீடு எனக்கு முன்னாலேயே வந்து கேட்டில் நின்றார். கீழ்வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒரு துணி இல்லை, ஒரு தட்டு இல்லை. முதலீடு முகமெல்லாம் பல்லாக அதையும் போட்டோ எடுத்துக்கொண்டார். அப்போது மேலே ஷவரில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

இரண்டு பேரும் படியேறினோம். நான் போட்ட டைல்ஸ்மேல் சட்டத்தின் கட்டில் கிடந்தது. நான் மாட்டிய கம்பியில் வெள்ளைச் சட்டைகள் வரிசையாகத் தொங்கின. குளியலறையிலிருந்து தலையைத் துவட்டிக்கொண்டே வந்த சட்டம், ஷவரில் தண்ணீர் அருமையாக வருகிறது என்று என்னைப் பாராட்டினார். பிறகு முதலீட்டைப் பார்த்து, "சட்டப்படி பார்த்தா, ரிப்பேர் முடியற வரைக்கும் ஓனர் வேற இடம் குடுக்கணும். குடுத்துட்டீங்க. சந்தோஷம்" என்றார்.

முதலீடு மெதுவாக என் பக்கம் திரும்பினார். மாடிச் சாவி எப்படி அவர் கைக்குப் போனது என்று கேட்டார்.

சாவி கீழ்வீட்டில்தான் இருந்தது. எங்கே வேலை நடந்தாலும் சாயங்காலம் சாவியைக் கீழ்வீட்டில் கொடுத்துவிட்டுத்தான் நாங்கள் கிளம்புவோம். காலையில் எங்களுக்கு முன்னால் மணல் வண்டி வரும், மத்தியானம் பிளம்பர் வருவான், பெயிண்டர் அவன் இஷ்டத்துக்கு வருவான். சாவியைக் கட்டிக்கொண்டு யார் அலைவது? சட்டம் அதை வாங்கி ஆணியில் மாட்டுவார், கேட்கிறவர்களுக்கு எடுத்துக் கொடுப்பார். அந்த வேலையில் அவர் ஒருநாளும் தவறியதில்லை. வேலை முடிந்தும் அதை ஆணியிலிருந்து எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"கீழ் வீட்டுல குடுக்கறதுதானே சார் வழக்கம்" என்றேன்.

"யார் வழக்கம்?"

"வேலை செய்யறவங்க வழக்கம்."

இனி ஒரு பைசா கேட்டு வராதே என்றார். அதுவரை நீங்க என்றிருந்தவர் படியிறங்குவதற்குள் நீ என்று ஆக்கிவிட்டார்.

பிறகு நடந்ததெல்லாம் கூத்து. முதலீடு கறுப்புக் கோட்டுப் போட்ட வக்கீல் ஒருத்தரைக் கூட்டி வந்தார். அவர் சட்டத்தோடு டீ குடித்துவிட்டுப் போனார். முதலீடு வாசலில் நின்று கத்திப் பார்த்தார். தெருவே ஜன்னலில் வந்து நின்றதுதான் மிச்சம். பேங்கிலிருந்து தவணைக்குப் போன் வர ஆரம்பித்ததும் மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடைசியில், தான் வாங்காத அட்வான்ஸைத் தான் திருப்பிக் கொடுப்பதாகவும், வண்டி வாடகையும் தருவதாகவும் ஒப்புக்கொண்டார். கட்டிலை இறக்க ஆள் வேண்டும் என்று எனக்குப் போன் செய்தார். கூலி பேசவில்லை. பணம் கண்ணில் படுகிற இடத்தில் இருந்தால் ஏதாவது கிடைக்கும் என்று நானும் போனேன். என்னையெல்லாம் எந்தக் கணக்கில் சேர்ப்பது?

முதலீடு கட்டுக் கட்டாக எடுத்து வைத்தார். சட்டம் நாக்கில் விரலைத் தொட்டுத் தொட்டு நிதானமாக எண்ணினார். முடிந்ததும் முதலீடு என்னிடம் வெறும் கையை விரித்துக் காட்டினார். "பார்த்தீங்கல்ல மேஸ்திரி, கை காலி. அடுத்த மாசம் பார்ப்போம்." மறுபடி நீங்க வந்துவிட்டது, பணம்தான் வரவில்லை. போகிற போக்கில், ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க ஒரு பார்ட்டி வருகிறது, காலையிலேயே வந்து பெருக்கி வைத்துவிடுங்கள் என்றும் சொன்னார்.

கட்டிலைத் தலையில் வைத்து இறக்கினேன். வண்டியருகே சட்டம் எனக்கு எவ்வளவு பாக்கி என்று விசாரித்தார். சொன்னேன். சிரித்தார்.

"நீங்க வேலைய முடிச்சிட்டு வெளிய வந்துட்டீங்க மேஸ்திரி. வெளிய நிக்கறவனுக்கு எவனும் குடுக்க மாட்டான். உள்ள உக்காந்திருக்கறவனுக்குத்தான் குடுப்பான்."

பிறகு சட்டைப் பையிலிருந்து மாடிச் சாவியை எடுத்து என் கையில் வைத்தார். என்னிடம் வாங்கியதை என்னிடம்தான் திருப்பித் தர வேண்டுமாம், சட்டப்படி. கட்டில் இறக்கியதற்கு ஒரு டீக்குக்கூடக் காசு கொடுக்கவில்லை. வண்டியில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியைத் திருப்பித் தலையைச் சீவிக்கொண்டு போனார். உழைக்காமல் உட்கார்ந்தே தின்கிற அந்த ஆள் சொன்னது சரியாக இருந்ததுதான் எனக்கு ஆத்திரம்.

வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் ஒரு கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறவள். வளவளவென்று பேச மாட்டாள். முதலீட்டைத் திட்டவில்லை, சட்டத்தைத் திட்டவில்லை, ஆச்சரியமாக என்னையும் திட்டவில்லை. "சாவி எங்கே?" என்று மட்டும் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளும் கூட வந்தாள். ஒரு பாய், ஒரு சின்ன அடுப்பு, ஒரு குடம், இரண்டு டம்ளர். வீட்டை மூலை முடுக்கு விடாமல் பெருக்கித் துடைத்தாள். முன்னறை நடுவில் பாயை விரித்து, அடுப்பைப் பற்ற வைத்து, டீ போட்டாள். நான் சுவரோரம் நின்றேன். "உக்காருங்க, நின்னா குடுக்க மாட்டாங்கன்னு சொல்லியிருக்காரில்ல" என்றாள். உட்கார்ந்தேன்.

முதலீடு ஒரு கணவன் மனைவியைக் கூட்டிக்கொண்டு, இந்த ஏரியா எப்படி ஏறப்போகிறது என்று பேசியபடியே படியேறி வந்தார். எங்களைப் பார்த்ததும் வாசல்படியிலேயே நின்றுவிட்டார்.

"வாங்க. காலத் தொடச்சிட்டு வாங்க, இப்பதான் பெருக்கினேன்" என்றாள் என் மனைவி.

யாரம்மா நீ என்று கேட்டார்.

"மேஸ்திரி வீட்டுக்காரி. பாக்கி வர்ற வரைக்கும் இங்கதான் இருப்போம். நல்ல காத்தோட்டமான வீடு. அவர் பூசினதுதான்."

முதலீடு என்னைக் குளியலறைக்குள் தள்ளிக்கொண்டு போனார். முதலில் போலீஸ் என்றார். தாராளமாகக் கூப்பிடுங்கள், வீடு பார்க்க வந்தவர்கள் முன்னாலேயே பேசிக்கொள்ளலாம் என்றேன். அடுத்து மானம் போகிறது என்றார். அது எப்போது வந்தது என்று நான் கேட்கவில்லை. வெளியே அந்தக் கணவர் ஒவ்வொரு குழாயாகத் திறந்து திறந்து மூடும் சத்தம் கேட்டது. அந்த ஆளுடைய அட்வான்ஸ் வந்தால்தான் இந்த மாதத் தவணை. முதலீடு என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், தெருமுனை ஏடிஎம்முக்கு ஓடினார்.

மூச்சிரைக்க வந்து நாற்பத்தோராயிரத்தை என் கையில் திணித்தார். அறுநூற்றைம்பதை விட்டுவிடச் சொன்னார், ஏடிஎம்மில் சில்லறை வராதாம். நான் சரி என்று தலையாட்டி எழுந்துவிட்டேன். எனக்குத் தலையாட்டித்தானே பழக்கம். என் மனைவி எழவில்லை. இன்னொரு டம்ளர் டீ ஊற்றினாள்.

"சார், அது அவர் கட்டில் தூக்கின கூலிக்குக்கூட ஆகாது. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. நீங்க மாத்திட்டு வாங்க" என்றாள்.

முதலீடு பர்ஸைத் துழாவினார். கார்டுகளாக வந்தன. வீடு பார்க்க வந்த அந்தக் கணவர் பேன்ட் பையில் கைவிட்டு, சரியாக அறுநூற்றைம்பதை எண்ணிப் பாயின்மேல் வைத்தார். சாந்தமான முகம், மெல்லிய குரல்.

"எடுத்துக்கங்கம்மா" என்றார். பிறகு முதலீட்டைப் பார்த்துப் புன்னகை செய்தார். "பரவாயில்ல சார். நான் அட்வான்ஸ்ல கழிச்சுக்கறேன்."

முதலீடு அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு மனிதரா என்று உருகினார். நான் அந்தப் புதியவரின் சட்டைப் பையைப் பார்த்தேன். பேனா இல்லை. வாங்கிக்கொள்வார்.

என் மனைவி பணத்தை எண்ணி முந்தானையில் முடிந்துகொண்டாள். அடுப்பை அணைத்துப் பாயைச் சுருட்டினாள். ஹார்டுவேர் கடை ஞாயிற்றுக்கிழமை அரைநாள்தான் திறந்திருக்கும், சீக்கிரம் வாங்க என்றாள். மடியிலிருந்து சாவியை எடுத்து யாரிடம் கொடுப்பது என்று ஒரு நொடி நின்றேன். முதலீடு போனைத் தூக்கிப் பிடித்து அறையைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். புதியவர் கையை நீட்டினார்.

கொடுத்துவிட்டேன்.